நெஞ்சாழத்தில் கிடந்த கொக்கு

என் தங்க நைனாவுக்கு,

போன இடத்திலாவது உன்னை யாரும் தரையில் உட்காரவைக்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன். உனக்குப் படிக்க வராது, தெரியும். ஊர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கடப்பாக்கத்தில் உன்னைப் பற்றி வாய் கிழியப் பேசினவர்களில் பாதிப் பேருக்குப் படிக்க வரும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் கொக்குக்குத் தலை கிடைத்துவிட்டது.

கக்கூஸுக்குக் குழி தோண்ட ஆள் வைக்கலாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். கடலுக்குப் போகாத நாட்களில் நீயே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்னால் இறங்கிவிட்டாய். மேலே சோப்புத்தூள் கவரும் பாட்டில் மூடியும் வந்தன. இறங்க இறங்க வேறு என்னென்னவோ வந்தது. கனத்த பச்சைப் பாட்டிலின் அடிப்பாகம், சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக, நடுவே ஓட்டை போட்ட மண் துண்டுகள், நீலப்பூ போட்ட தட்டுச் சில்லுகள். ஒரு சில்லில் நீளக் கால் கொக்கு ஒன்று நின்றது. கழுத்துக்கு மேலே உடைந்திருந்தது.

"நவாப்பு சாப்ட்ட தட்டும்மா இது. தலை மட்டும் எங்கியோ பூட்ச்சி," என்று வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டினாய். டீக்கடைக்குக்கூட மடியில் கட்டி எடுத்துப்போனாய். அங்கேதான் வினை. பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, நீ நவாப் காலத்து ஆலம்பரைக் கோட்டையைத் தோண்டித் திருடி விற்கிறாய் என்று ஸ்டேஷனில் சொல்லிவைத்தார்.

காலையில் சில்லு மூட்டையோடு உன்னைக் கூட்டிப்போனார்கள். விளக்கு வைக்கிற நேரம்வரை சுவரோரம் தரையில் உட்காரவைத்தார்கள். உன் பேரன் வயசு இருக்கும் ஒருவன் "டா" போட்டுப் பேசினான். "என் வூட்டாண்டயே கீது சார், நான் இன்னாத்துக்கு கோட்டைக்குப் போறேன்?" என்று நீ அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நம் வீட்டுக் குழியை வந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. கடைசியில், எதுக்கும் ஆகாத ஓட்டுச் சில்லு என்று மூட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருடன் என்ற பேரை மட்டும் அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. படகில் உனக்குப் பங்கு தந்தவர்கள்கூட அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிட யோசித்தார்கள்.

அவர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது, நைனா. அன்றைக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து நானும் கேட்டேன். "நெசமா சொல்லு நைனா, கோட்டைலர்ந்துதான எடுத்தே?" பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாய். அதற்கப்புறம் குழிப்பக்கமே நீ போகவில்லை. சிமெண்ட் உறை இறக்கக்கூட மனசில்லாமல் அதன் மேல் தகரத்தைப் போட்டு மூடினாய். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

மார்கழியில் நீ போய்ச் சேர்ந்தாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அந்த மூட்டை கையில் கிடைத்தது. ஒவ்வொரு சில்லிலும் அழுக்கு நைலான் நூலை முடிச்சு முடிச்சாகக் கட்டி வைத்திருந்தாய். வலை பின்னி மிஞ்சிய நூல் என்று நினைத்து, எல்லாவற்றையும் அறுத்து அடுப்பில் போட்டேன். சில்லுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, உன் போட்டோவுக்குக் கீழே அழகாக அடுக்கினேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

போன மாசம் உன் பேத்தியின் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற மேடம் மதுராந்தகத்திலிருந்து சில்லுகளைப் பார்க்க வந்தார். அந்த வெள்ளைத் துண்டுகள் வெள்ளைக்காரன் புகை பிடித்த மண் சுங்கான் குழலாம். ஓட்டைக்குள் டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக விட்டு அளந்தார். "ஓட்டை பெரிசா இருந்தா பழசு, சிறுத்துப்போனா அதுக்கப்புறம் வந்தது. இது இருநூறு வருஷத்துக்கு மேல இருக்கும்," என்றார். தட்டு சீனாவிலிருந்து கப்பலில் வந்ததாம். இதெல்லாம் நம் வீட்டுக் குழியில் கிடைத்தவைதான் என்று எழுதித் தரக் கேட்டேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"எந்தெந்த ஆழத்துல எடுத்தார்? அது தெரியாம இதெல்லாம் உங்க வீட்டு மண்ணுல கிடைச்சதுதான்னு நான் எழுதித் தர முடியாதும்மா. கோட்டையிலயும் இதே சாமான்தான் கிடைக்கும்."

அம்மா வாசற்படியிலிருந்து சொன்னாள். "அதான் முட்ச்சி போட்டு வச்சிருந்தாரே. முட்டியாழத்துக்கு ஒண்ணு, தொடைக்கு ரெண்டு, இடுப்புக்கு மூணு, நெஞ்சாழத்துக்கு நாலு. வலைக் கவுத்துல போடுவாரே, அது மாதிரி."

எழுதத் தெரியாத நீ எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறாய். பன்னிரண்டாவது வரை படித்த நான் அதைக் கொளுத்திவிட்டேன்.

மேடம் பொறுமைசாலி. தகரத்தை நகர்த்தச் சொன்னார். மழையில் குழியின் ஒரு பக்கம் சரிந்திருந்தது, வீட்டை ஒட்டிய பக்கம் நீ வெட்டியபடியே நின்றது. குழிக்குள் இறங்கி, சின்னக் கரண்டியால் அந்தப் பக்கத்து மண்ணை மெல்லச் சுரண்டினார். மேலிருந்து நெஞ்சாழத்தில், விரல் நுழையாத இறுகின மண்ணில், நீலமாக ஒன்று தெரிந்தது. போட்டோ எடுத்து, அளவு குறித்துக்கொண்டு வெளியே எடுத்தார். கொக்கின் தலை. உன் சில்லைக் கொண்டுவந்து வைத்தேன். மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

"அந்தத் தட்டுல எத்தினி முட்ச்சி இருந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"நாலு," என்றாள் அம்மா.

மேடம் எழுதிக் கொடுத்த தாளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். "ஆளே பூட்டாரு, இப்ப இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?" என்றார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன கிழித்தார்கள்?

ஏழுமலை அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். தலையை ஒரு கையிலும் உடம்பை ஒரு கையிலும் கொடுத்து, "சேத்துப் பாரு அண்ணாத்த," என்றேன். சேர்த்தார். "நாலு பேரு சொன்னாங்க, நானும் சொன்னேன்," என்றார். அந்த நாலு பேரில் ஒருத்தன் பேரைச் சொல்லச் சொன்னேன். டம்ளரில் ஊற்றிய காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

மேடம் அதை ஒட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நைனா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மிச்சக் குழியை மேடம் பக்கத்தில் நிற்க நானே தோண்டுவேன், எடுப்பதற்கெல்லாம் உன் கணக்கில் முடிச்சுப் போடுவேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உன் பேர் போடாமல் ஒரு சில்லும் இந்த வாசலைத் தாண்டாது. அந்தத் தட்டு இரண்டு துண்டாகவே இருக்கும். உன்னைத் திருடன் என்று சொன்ன ஒவ்வொருவரும் நம் வீட்டுக்கு வந்து, தங்கள் கையால் அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சேர்த்துப் பார்த்தது நான்தான். இனி தினமும் காலையில் பார்ப்பேன்.

உன் சோற்றில் மண்ணைப் போட்ட,
உன் மூத்த மகள்
செல்வி