உயிரோடிருந்தவளுக்குப் பாடிய ஒப்பாரி

வாத்தியாரே,

இன்று காலை தறியில் உட்கார்ந்தபோது அரிதார வாசனை அடித்தது. தேங்காய் எண்ணெயில் குழைத்த அதே நெடி. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், தெருவில் ஓர் ஆட்டோதான் நின்றிருந்தது. நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. செத்தும் வேஷம் கலைக்கவில்லையா என்று உங்களைக் கேலி பேசப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

எங்கள் மகள் துர்கா காய்ச்சலில் போன பதினாறாம் நாள், தென்னேரியில் மாமனார் வீட்டு வாசலில் உங்கள் ஜமாவின் கருமாதிக் கூத்து. அந்தப் பதினாறு நாளும் என் மனைவி மல்லிகா அழவில்லை, பேசவில்லை. தறியில் என்னோடு கரை இணைக்கும் கோர்வைக்கு உட்கார்ந்து நாளெல்லாம் வாயடித்தவள் அவள். "மல்லிகா, மல்லிகா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளும் போய்விடுவாளோ என்று பயந்து கிடந்தேன்.

விடியும் நேரத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகப் புடவை கட்டி வந்தீர்கள். ஒப்பாரியில் சேர்க்க இறந்தவர் பெயரைக் கேட்பது வழக்கம். என் பக்கம் குனிந்து, "பேரு சொல்லுப்பா" என்றீர்கள். பதினாறு நாளாகப் பழகிய வாய், மல்லிகா என்று சொல்லிவிட்டது.

நான் திருத்துவதற்குள் முகவீணைக் குழல் ராகத்தை எடுத்துக்கொடுத்துவிட்டது. எதிரே உயிரோடு உட்கார்ந்திருப்பவளுக்கு மாரடித்துப் பாடினீர்கள். அது உங்கள் குரலே இல்லை. செத்துப்போன என் மாமியார் அச்சு அசலாக அப்படித்தான் கூப்பிடுவார். மல்லிகா மெல்ல எழுந்தாள்.

"நான் சாவலம்மா. இங்கதான் குந்திக்கினு இருக்கறேன். எம்பொண்ணுதான் செத்துட்டா" என்றாள்.

பிறகுதான் அழுதாள். வெயில் ஏறும்வரை உங்கள் மடியில் கிடந்து அழுதாள்.

நீங்கள் வேஷம் கலைக்கும்போது வந்து மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியை விட்டுத் திரும்பாமல் சொன்னீர்கள்: "அந்தம்மா பேரு எனக்குத் தெரியும்பா. நீ மாத்திச் சொன்னதும் தெரிஞ்சிது. நிறுத்தத்தான் பாத்தேன். தொண்டை எம்பேச்சக் கேக்கல."

உயிரோடிருப்பவர் பேரில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்று ஊர் பேசியது. ஒன்றும் ஆகவில்லை. மல்லிகா மறுபடியும் தறிக்கு வந்தாள், மறுபடியும் வாயடிக்கிறாள். அவளை எனக்கு மீட்டுக் கொடுத்தது நீங்கள். அதை உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டது நெஞ்சை அறுக்கிறது.

ஆனால் ஒன்று, வாத்தியாரே. அடுப்படியில் இருப்பவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் என் காதில் அது உங்கள் ராகத்தில்தான் விழுகிறது. "என்னா" என்று அவள் குரல் வரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.