பின்னட்டையில் என் பென்சில் கோடுகள்

மேடம்,

இன்று காலை நம் கல்லூரி நூலகத்தில் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். சணல் கயிற்று வாசனை வந்தது. புது நூலகர் சார் அக்ரஹாரத்துக் கடையிலிருந்து நான்கு உருண்டை வாங்கி வைத்திருக்கிறார். யாரும் எடுக்காத புத்தகங்களை நாளைக்குக் கட்டி எடைக்கு அனுப்பப் போகிறாராம். உங்கள் ஞாபகம்தான் முதலில் வந்தது.

நீங்கள் நூலகராக இருந்தபோதும் இதே கயிறுதான். கமிட்டி வருகிறதென்று ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையையும் திறந்து, இரவல் தேதி முத்திரை இல்லாததைக் கழிப்பதற்காகக் கீழே போட்டீர்கள். நர்சிங் பெண்களின் எலும்புப் படப் புத்தகமும் விழுந்தது.

“மேடம், அத போடாதீங்க. அதுல தூசியே நிக்காது. தினம் நாலு பொண்ணுங்க பொரட்டுதுங்க.”

“அப்புறம் ஏன் சீல் இல்ல?”

“அம்மிக்கல்லு கனம் கனக்குது. யாரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவா? இங்கயே மேசையில வெச்சுப் படிக்குதுங்க.”

“தூசிய ரிப்போர்ட்ல எழுத முடியுமா, சரோஜா?” என்று சிரித்தீர்கள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். யார் யார் என்று இப்போதும் சொல்வேன்.

பரீட்சை வந்ததும் அந்தப் பெண்கள் காலி அலமாரித் தட்டின் முன் நின்றார்கள். ஒருத்தி அழுதே விட்டாள். அன்று மாலை, மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னிடம் நீங்களே வந்து ஒரு பென்சில் கொடுத்தீர்கள். “மேசையிலேர்ந்து எடுத்து அடுக்கறப்போ பின்னாடி ஒரு கோடு போடு. படிச்சதுக்கு நீதான் சாட்சி.” மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து போடுகிறேன். உங்கள் சாவுக்கு வந்து திரும்பிய மறுநாளும் போட்டேன்.

இன்று சாரிடம் போனேன். “ஆயம்மா, சும்னிரி, சும்மா இருங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு” என்று வாயை அடக்கப் பார்த்தார். வெளியே போன புத்தகம்தானே அதில் இருக்கும்? கட்டக் குவித்ததில் ஒன்றை எடுத்து, பின்னட்டையைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“என்ன இது, கோடு கோடா?”

“இங்கயே உக்காந்து படிச்சது, சார். ஒரு தடவைக்கு ஒரு கோடு.”

இன்னொன்றைத் திறந்தார். பிறகு இன்னொன்று. “இதையெல்லாம் பாத்து முடிக்க ஒரு வாரமாகுமே!”

“ஆகட்டும். அதுவரைக்கும் கயிறு என்கிட்ட இருக்கும்.”

நான்கு உருண்டையும் இப்போது என் பைக்குள். எலும்புப் புத்தகத்துக்காக உங்கள் மேலுள்ள கோபம் அப்படியே இருக்கிறது, மேடம். கொண்டையில் பென்சிலும் இருக்கிறது.

சரோஜா