அப்பாவின் ஷூ அளவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, இங்கே எல்லோரும் இருக்கிறோம். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீ போன பிறகு நம் தெருக் காய்கறிக்கடையை மூடிவிட்டார்கள். பெட்ரோல் பங்க் கடையில் சிப்ஸ், பிஸ்கட், கலர் தண்ணி, அவ்வளவுதான். ஒரு கட்டுக் கீரைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் ஓட்டுகிற உன் அப்பா வீட்டிலேயே இந்த லட்சணம்! கண்டதைத் தின்று தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, உன் அப்பாவுக்கும்தான். அரசாங்கப் பணத்தில் கிளினிக் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். டாக்டரம்மா மாத்திரையோடு காய்கறிப் பையும் கொடுப்பார். அப்பாவின் வலது பாதத்துப் புண்ணை நர்ஸ் கழுவிக் கட்டுவாள், கூடவே அவரை நாலு வாங்கு வாங்குவாள். புண் ஆறிக்கொண்டு வந்தது.

போன மாதம், கிளினிக்குக்குப் பணம் தரும் அலுவலகத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றார்கள். நாம் நோயும் நொடியுமாய்ப் போய் நின்றால் டாக்டரம்மாவுக்குத்தானே கெட்ட பேர் என்று தெருவே கூடி முடிவு செய்தோம். வழக்கம்போல் நான்தான் முன்னால் நின்றேன். குளித்து, தலை வாரி, வெளுத்த துணி உடுத்திப் போனோம். இருமுகிறவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம். எதிர்வீட்டுக்காரி மூட்டுவலியைப் பல்லைக் கடித்து மறைத்துக்கொண்டு படி ஏறி இறங்கிக் காட்டினாள். உன் அப்பா கட்டை அவிழ்த்துவிட்டு, நீ அனுப்பிய ஷூவை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். அதிகாரி விசாரித்ததும், "எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க சார், எல்லாம் இந்த அம்மா புண்ணியம், இப்ப ஓடச் சொன்னாலும் ஓடுவேன்" என்றார். நாங்கள் கைதட்டினோம். டாக்டரம்மாவின் முகம் மட்டும் வெளுத்துப்போனது. ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது உத்தரவு வந்துவிட்டது. இந்தப் பகுதி மக்கள் நலமாக இருப்பதால் பணத்தை வேறு ஊருக்கு மாற்றுகிறார்களாம். மாதக் கடைசியோடு கிளினிக் மூடல். நலமாம், நலம்! அடித்துப் பிடித்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே ஓடினோம். நாங்கள் சீக்காளிகள்தான் ஐயா என்று கெஞ்சினோம். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டார் அதே அதிகாரி. வந்த வழியே திரும்பினோம்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி. அதிகாரி வந்துபோன அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால், சாக்ஸ் முழுக்க ரத்தம். வலிக்கவே இல்லை என்கிறார் மனிதர். வலி தெரியாததுதான் ஆபத்து என்றாள் நர்ஸ். போன வாரம் பெருவிரல் கறுத்துவிட்டது. நீ மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதே, ஷூ நல்ல ஷூதான்.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டரம்மா தினமும் திட்டுகிறார். அப்பா அசைய மறுக்கிறார். "அங்க போனா எடுத்துடுவாங்க, பிரேக் மிதிக்கிற கால்டி இது" என்கிறார். அந்த நர்ஸ் கட்டினால் போதுமாம். மாதக் கடைசிக்கு அப்புறம் யார் கட்டுவார்கள் என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். காலையில் கட்டை அவிழ்க்கும்போது கறுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, கண்ணம்மா.

நான் சொன்னால் சண்டைக்கு வருகிறவர், நீ சொன்னால் கேட்பார். லீவு கேட்டுப் பார். தரவில்லை என்றாலும் கேட்டுவிட்டுக் கிளம்பு.

ஊருக்கு வரும்போது இன்னொரு ஜோடி வாங்கி வருவதாகச் சொல்லி அளவு கேட்டிருந்தாயே. அதே அளவுதான் என்று எழுதச் சொல்லி அப்பா உள்ளேயிருந்து கத்துகிறார். இப்போதைக்கு எதுவும் வாங்காதே, தாயே. நீ முதலில் வா.

நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயது நன்றாக இரு. கீழே பார்த்து நட.

இப்படிக்கு,
உன் அம்மா