காரைக்காலை எங்களோடு சேர்க்கிறார்களாம்

22 ஜனவரி 1979, திங்கள்
அரியலூரில் இன்னும் பனி. கடையில் வாடகை சைக்கிள் இரண்டு பஞ்சர். பேப்பரில் பெரிய சேதி: பாண்டிச்சேரி, காரைக்காலைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று டெல்லியில் பேச்சு. என் வீட்டுக்காரி செண்பகம் காரைக்கால்காரி. விடுவேனா! பேப்பரோடு அடுப்படிக்கே ஓட்டம்.

"இனிமே உன் பொறந்த ஊரும் எங்களுதுதான்டி."

"கட்டிக்கிட்டு வந்தது நான் ஒருத்திதான். ஊரை யாரும் உங்களுக்குச் சீரா எழுதிக் குடுக்கல."

கையில் கரண்டி. எனக்கு நாள் பூரா சிரிப்பு.

23, செவ்வாய்
டீக்கடையிலும் இதே பேச்சு. பெயிண்டர் மாணிக்கம்: "சேத்துட்டா இங்க மாதிரி அங்கயும் மதுவிலக்கு வந்துரும்ணே. அப்பறம் நாம எங்க போறது?" அழுதுவிடுவான் போலிருந்தது.

வாங்க வேண்டியது: டியூப் 4, பசை, செ.வுக்குத் தலைவலி மாத்திரை.

சாயந்திரம் மச்சினன் குமார் கடிதம். அங்கே குமாஸ்தா வேலைக்கு லிஸ்டில் பெயர் வந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமான வேலை. ஊரைச் சேர்த்துவிட்டால் லிஸ்ட் என்ன ஆகுமோ என்று பயம்.

"அப்ப நானும் அந்த வேலைக்கு ஒரு மனு போடுறேன்" என்றேன். செ. சிரிக்கவில்லை. குமார் தாயில்லாத பிள்ளை, இவள்தான் தூக்கி வளர்த்தாள். சோறு வைத்தாள், பேச்சு இல்லை. என் வாய் இருக்கிறதே!

24, புதன்
காலையில் எழுந்தால் அவள் துணிப்பை தயார். "தம்பியப் பாத்துட்டு வரேன்." சேர்க்கக் கூடாதென்று நாளைக்கு அங்கே ஊர்வலமாம். கடைச் சாவி மாணிக்கத்திடம். ஓடிப்போய் அவள் ஏறிய பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கும்பகோணம் வரை ஜன்னலையே பார்த்தாள். மாயவரத்தில் பாதி வாழைப்பழம் நீட்டினாள். அப்பாடா!

25, வியாழன், காரைக்கால்
கடையெல்லாம் அடைப்பு. கடல் காற்று. எவ்வளவு ஜனம்! செ. முன்வரிசையில், அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

குமாருக்கு என்னைப் பார்த்து ஆச்சரியம். "மாமா, நீங்க அந்தப் பக்கத்து ஆளாச்சே?"

"பொண்ணு எடுத்த பக்கம், மாப்ள."

"சேர்க்காதே! சேர்க்காதே!" கத்தினேன், கத்தினேன், தொண்டையே போனது. இந்த வயதில் இப்படி ஒரு குஷியா! குமாருக்கு வேலை கிடைக்க வேண்டும், அதுதான் மனசுக்குள்ளே.

பக்கத்தில் நடந்த மீன்காரம்மா கேட்டாள்: "யாரு இது, புதுசா இருக்கு? நல்ல தொண்டை. எந்த ஊரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செ. திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க ஊருதான்."