கையால் நிறுத்த முடிகிற பெட்டி

அம்மாடி தைலம்மா, காதைக் கொடு, அப்பாதான் பேசுகிறேன். நல்லா இருக்கிறாயா, ஓசூர்க் குளிர் குறைந்ததா, விடுதியில் இன்னும் அந்தத் தண்ணீர்ச் சாம்பார்தானா, கம்பெனியில் நின்றுகொண்டே வேலை என்றாயே, கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை பூமாலையும் எழுந்து நடமாடுகிறோம், உன் தம்பி அம்மாசி தலையில் கட்டோடு படுத்துக்கொண்டே எங்களை எல்லாம் அதிகாரம் பண்ணுகிறான், ஆகவே பிழைத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள். நான் சொல்லச் சொல்லப் பூமாலை எழுதுகிறாள். கடிதம் என்றால் கடித பாஷையில்தான் இருக்க வேண்டும் என்று என் பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள், சண்டையில் பேசினதை மட்டும் பேசின மாதிரியே எழுது, அதைத் திருத்தினால் சண்டை போய்விடும் என்று சொல்லிவிட்டேன்.

நீ பூமாலை போனுக்கு மூன்று வாத்தியப் பெட்டிகளின் படம் அனுப்பி, பழைய கீபோர்டு உடைந்துவிட்டதாமே, இதில் எதை வாங்கட்டும் அப்பா என்று கேட்டிருக்கிறாய். உடைந்துவிட்டது என்று யார் சொன்னது உனக்கு? போனில் உன் அம்மா அழுததைத்தான் கேட்டிருப்பாய், நடந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது தானாக உடையவில்லை தைலா, அரிவாளால் வெட்டினார்கள். எந்தப் பெட்டி வாங்குவது என்பது அந்த வெட்டிலேதான் இருக்கிறது, அதனால் முதலில் அதைக் கேள்.

மாசித் திருவிழாவில் கரகம் ஜோடிக்கிற அன்று, விளக்கு வைக்கிற நேரம். ஏரிக்கரையில் நம் செட்டு நிற்கிறது, பம்பை நான், உடுக்கை உன் மாமா பிச்சைமுத்து, ஸ்பீக்கர் கட்டின குட்டியானை வண்டி மேல் கீபோர்டோடு அம்மாசி. கீபோர்டு என்றதும் அதை மலைக்குத் தூக்கிப்போனது ஞாபகம் வருகிறது, உனக்கும் வரும். வெள்ளிமலைக்கு அந்தண்டை பஸ் போகாத அந்த ஊருக்கு அதைத் துணியில் சுற்றி மூங்கிலில் கட்டி நாலு பேர் தோளில் தூக்கிப்போனோமே, வழியில் சாமைக் கொல்லையில் நின்ற வெள்ளச்சிக் கிழவி பிணம் என்று நினைத்து ஒப்பாரியே வைத்துவிட்டாள். இறக்கிப் பிரித்துப் பார்த்தால் கட்டை கட்டையாகப் பல், "இன்னாடா இது, செத்தவன் இவ்ளோ பல்லக் காட்டறான்" என்றாள். அங்கே கரண்டும் இல்லை, ஜெனரேட்டரும் ஏறவில்லை, சுற்றின துணியைப் பாயாக விரித்து அதன் மேல் படுத்துத் தூங்கிவிட்டுத் திரும்பினோம். ஆகவே நீ அனுப்பின முதல் படம், பலகை நீளத்துக்கு இருக்கிறதே, கண்ணாடியைத் தொட்டால் வேலை செய்யும் என்கிறாயே, அது வேண்டாம். பேட்டரியில் ஓட வேண்டும், ஒரு ஆள் மடியில் வைத்து உட்கார வேண்டும்.

சரி, ஏரிக்கரைக்கு வருகிறேன். அன்றைக்குக் காற்றில் ஈரம், பம்பைத் தோல் தொய்ந்துவிட்டது. உன் அப்பன் வழக்கம் உனக்குத் தெரியும், தோலை வைக்கோல் நெருப்பில் காட்டி, அது முறுக்கேறிக் கணீர் என்று ஆன பிறகுதான் சாமியைக் கூப்பிடுகிற அடியைத் தொடுவேன். கூப்பிடுகிறவன் சாமியாடி முகத்துக்கு நேரே நிற்க வேண்டும், அவன் கண்ணைப் பார்த்துப் பார்த்து அடியை ஏற்ற வேண்டும், கண் சொருகினால் இறக்க வேண்டும், கடைசியில் கற்பூரத்தைக் காட்டிச் சாமியை மலையேற்றி அனுப்பிவிட்டுத்தான் குச்சியைக் கீழே வைக்க வேண்டும். நான் நெருப்பண்டை குந்தியிருக்கிற இடைவெளியில் சனங்கள் சலித்துக்கொண்டார்கள் போல, அம்மாசி சும்மா இருக்காமல், நீ போன வருஷம் என் அடியைப் போனில் பிடித்துக் கீபோர்டின் ஒரு கட்டையில் போட்டு வைத்தாயே, அதை அமுக்கிவிட்டான். எதிரே ஆள் இல்லை, கண்ணைப் பார்க்க ஆள் இல்லை, என் அடி மட்டும் நாலு ஸ்பீக்கரில் இடி மாதிரி விழுகிறது. என் கை நெருப்பில் இருக்கிறது, என் அடி கூட்டத்தின் நடுவில் இருக்கிறது.

மேலத்தெரு ராமசாமி, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்க்காரன், வருஷம் தவறாமல் ஆத்தா அவன் மேல்தானே வருவாள், வந்துவிட்டாள். கையில் பூசை அரிவாள். நான் பம்பையைத் தூக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்து அவன் எதிரே நின்றேன், கண் சொருகிவிட்டது, இறக்க வேண்டும் என்று மெதுவாக்கினேன். நான் இறக்குகிறேன், பெட்டி இறங்க மாட்டேன் என்கிறது. நிறுத்துடா என்று கத்துகிறேன், அம்மாசி எதையோ அமுக்குகிறான், அது இன்னும் வேகம் எடுக்கிறது. பிற்பாடு கேட்டதற்கு, "ஒரே பொத்தான்ல நாலு வேல இருக்குதுப்பா, நான் நிறுத்தறதத்தான் அமுக்கனன், அது வேகத்த எடுத்துக்கிச்சி" என்றான். உன் விரல் பழகின பெட்டி, அவனுக்குத் தெரியுமா? ராமசாமி பம்பரமாகச் சுற்றுகிறான், வாயில் நுரை, பார்த்து நின்ற பெண்களில் பாதிப் பேருக்கு ஆட்டம் வந்து தலைமயிரை அவிழ்த்துவிட்டார்கள். உன் மாமா பிச்சைமுத்து விபூதியை அள்ளிக்கொண்டு, "ஆத்தா, போதும் தாயே, எறங்கு" என்று அவன் நெற்றிக்குக் கையை நீட்டினான். அந்தக் கையில் இறங்கியது அரிவாள். முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது, அப்புறம்தான் ரத்தம் வந்தது, உடுக்கைத் தோலெல்லாம் சிவப்பு. அப்போதும் அடி நிற்கவில்லை தைலா. உன் மாமா கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரளுகிறான், அதற்கும் தாளம் போடுகிறது அது.

ராமசாமி அவனைத் தாண்டி நேரே குட்டியானை வண்டி மேல் ஏறினான். அம்மாசி குதித்து ஒதுங்கினான், இல்லையென்றால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கீபோர்டில் ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, கட்டைகள் பல் தெறிக்கிற மாதிரி கூட்டத்தின் மேல் தெறித்தன, மூன்றாவது வெட்டில் இரண்டாகப் பிளந்தது. சத்தம் நின்றது. நின்ற அந்த நொடியே அவன் அடியறுத்த கரும்பு மாதிரி சாய்ந்து வண்டியிலிருந்து மண்டை தரையில் பட விழுந்தான். ஆத்தாவை யாரும் மலையேற்றவில்லை, கற்பூரம் காட்டவில்லை, நடுவில் அறுந்துபோனது.

அதற்குப் பிறகுதான் உண்மையான அடி. ராமசாமியின் தம்பி மாயவன், "எங்கண்ணன பொட்டிய வெச்சிக் கொல்றீங்களாடா" என்று பிளந்த கீபோர்டின் பாதியைத் தூக்கி அம்மாசி தலையில் இறக்கினான். என் கையில் பம்பைக் குச்சி இருந்தது, வளைந்த பக்கத்தால் மாயவன் வாயில் கொடுத்தேன், முன்பல் இரண்டும் உள்ளே போய்விட்டன, அவன் விழுங்கினானா துப்பினானா இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. உன் மாமன் மகன் செல்லன், அப்பன் கையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்துவிட்டு மாயவன் மேல் பாய்ந்து காதைக் கடித்துத் துப்பினான். ட்யூப் லைட்டைப் பிடுங்கிப் பிடுங்கி மண்டையில் உடைத்தார்கள், ஜெனரேட்டரைக் கவிழ்த்தார்கள், டீசல் வழிந்தது. உன் அம்மாவைச் சாது என்று நினைக்காதே, நான் தோல் காய்ச்சின வைக்கோல் கொள்ளியை எடுத்துக்கொண்டு, "என் புள்ளய தொட்டவன் மூஞ்சிய காட்டுங்கடா" என்று வந்தாள், மேலத்தெருக்காரர்கள் நாலு பேர் மீசை இன்னும் முளைக்கவில்லை. வழிந்த டீசலண்டைதான் கொள்ளியோடு நின்றாள். கச்சிராயபாளையத்திலிருந்து போலீஸ் ஜீப் வந்த பிறகுதான் கலைந்தார்கள். மாமாவைக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கை ஒட்டிக்கொண்டது, விரல் இரண்டு மடங்கவில்லை, இனி உடுக்கை பிடிப்பது கஷ்டம்தான்.

இது அதோடு முடிந்திருந்தால் நீ எந்தப் பெட்டி வாங்கினால் எனக்கென்ன. ராமசாமி இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை. பகலில் கஞ்சி குடிக்கிறான், ஆளைப் பார்க்கிறான், விளக்கு வைத்தால் வலது கை தானாகத் தூக்கிக்கொள்கிறது, அரிவாள் பிடித்த மாதிரி வெட்டுகிறது. போன வாரம் அவன் பெண்டாட்டி முகத்தில் பட்டுக் கன்னம் கிழிந்தது. இப்போது பொழுது சாய்ந்தால் கட்டிலோடு கட்டிப் போடுகிறார்கள். கரும்பு ஏற்றின டிராக்டர் அப்படியே நின்று காய்கிறது. பூசாரி கேட்டுக்கொண்டதால் நான் போய்ப் பம்பை அடித்துக் கற்பூரம் காட்டி ஆத்தாவை அனுப்பப் பார்த்தேன். மேலத்தெருவில் தனியாக நுழைந்தேன், அங்கே ஒருவன் கண்ணும் மனுஷன் கண்ணாக இல்லை. ராமசாமி என் அடியைக் கேட்டான் கேட்டான், கடைசியில் என் கையைத் தட்டிவிட்டு, "இது இல்ல, அது எங்கடா, என்னக் கூப்ட்டது எங்க" என்றான். பூசாரி சொல்லிவிட்டார், "கொளஞ்சி, பொட்டி கூப்ட்டுச்சி, பொட்டியே வந்து அனுப்பணும், உன் கைக்கு அவ எறங்க மாட்டா." ஊரும் ஒத்துக்கொண்டது. அமாவாசை கழிந்த செவ்வாய்க்கிழமை அதே ஏரிக்கரையில் ஆத்தாவை அனுப்ப நாள் வைத்திருக்கிறார்கள்.

மாயவன் பல்லில்லாத வாயோடு எழுந்து, "பொட்டி வரலன்னா அந்தப் பொண்ண ஓசூர்லேர்ந்து இட்டாந்து நடுவுல நிறுத்துவோம், அவதான அடிய உள்ள போட்டவ" என்றான். செல்லன் அவனைப் பார்த்து, "அவ மேல கைய வெச்சிப் பாரு, மீதிக் காதும் இருக்காது, அன்னிக்கு ஆத்தா மலையேறலன்னா உங்கண்ணன நான் ஏத்தி வுடறன்" என்று சொல்லிவிட்டு வந்து, தினமும் வாசலில் குந்திக் கரும்பு வெட்டுகிற கத்தியைத் தீட்டுகிறான். கரும்பு வெட்டு முடிந்துபோயிற்றே, எதற்குடா தீட்டுகிறாய் என்றால் துருப் பிடிக்காமல் இருக்க என்கிறான். அந்தச் சத்தம் கேட்டால் உன் அம்மாவுக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆகவே இப்போது பெட்டிக்கு வா. பலகை வேண்டாம் என்றேன். மூன்றாவது படம், சோப்புப் பெட்டி அளவு, விலை ரொம்பக் கம்மி என்று உனக்கு அதன் மேல்தான் ஆசை என்று பூமாலை சொல்கிறாள். அதில் ஒரு பொத்தானுக்கு எத்தனை வேலை என்று கேள். ஒன்றுக்கு மேல் என்றால் தொடாதே, அந்தக் கம்மி விலையை நாங்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டோம். நடுப் படம், செங்கல் அளவில், மேலே முழுக்கத் திருகு இருக்கிறதே, குட்டிக் கட்டைகளோடு, அது என் மனசுக்குப் பிடிக்கிறது. ஒரு திருகுக்கு ஒரு வேலை என்றால் அதுதான் நமக்கு. ஆனால் கடையில் வைத்தே சோதிக்க வேண்டும். உன் போனில் இருக்கிற என் அடியை அதில் ஏற்றச் சொல். ஏற்றி, வேகத்தைக் குறைக்கிற திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. படிப்படியாகத் தாவித் தாவிக் குறைந்தால் வேண்டாம், மாட்டு வண்டி மேட்டில் இளைக்கிற மாதிரி இழைந்து குறைய வேண்டும். குறையும்போது பம்பைக் குரல் தடித்துப்போய் எருமை கனைக்கிற மாதிரி ஆகிவிட்டால் அதுவும் வேண்டாம், ஒரு தரம் நீ பழைய கீபோர்டில் அப்படிச் செய்து காட்டிச் சிரித்தாயே, அன்றைக்கு நானும் சிரித்தேன். குரல் அப்படியே இருக்க வேண்டும், வேகம் மட்டும் இறங்க வேண்டும், ராமசாமி அதைத்தான் கேட்கிறான். கடைசியாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை நிறுத்திப் பார். கண்ணை மூடி நிறுத்த முடியாததை வாங்கிவராதே. கடைக்காரன் இந்தப் பெண்ணுக்குக் கிறுக்கு என்று நினைத்தால் நினைக்கட்டும், அவன் ஏரிக்கரையில் நிற்கப்போவதில்லை.

இன்னொன்று, சொன்னால்தான் நீ புறப்படுவாய், அதனால் சொல்ல வேண்டாம் என்கிறாள் உன் அம்மா, நான் சொல்கிறேன். நீ வராதே. நான் வந்து திருப்புகிறேன் அப்பா, என் விரலுக்குத்தான் தெரியும் என்று நீ புறப்பட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். பெட்டியை மட்டும் கள்ளக்குறிச்சி பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பு, நான் போய் வாங்கிக்கொள்கிறேன். அம்மாசியையும் அழைத்துப்போக மாட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராமசாமி முகத்துக்கு நேரே நான் உட்காருகிறேன். அது என் அடிதானே, திருகைத் திருப்பவும் என் கையே போதும். அவன் கை தூக்கினால் என் மேல்தான் விழும், விழட்டும், எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உனக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடக்காதே, இந்த வாரம் ஊர் நம்பரில் யார் கூப்பிட்டு வா என்றாலும் வராதே, பூமாலை குரல் என்றால் மட்டும் பேசு. ஏரிக்கரை மாரியாத்தா உன் தலைக்கு மேல் குடையாக இருப்பாள், அவள் கோபமெல்லாம் எங்களோடு தீரட்டும்.

இப்படிக்கு உன் அப்பன் கொளஞ்சியப்பன், எழுதினது பூமாலை.

மடிக்காதே பூமாலை, ஒன்று விட்டுப்போயிற்று, ஓரத்தில் எழுது. தைலா, எனக்கு அதில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, அதனால் வேகம் குறைக்கிற திருகில் ஒரு மஞ்சள் பொட்டு வை, அப்புறம் எதை அமுக்கினால் அந்த நொடியே எல்லாம் நின்றுபோகுமோ அந்தப் பொத்தானில் மட்டும் குங்குமத்தைக் குழைத்துப் பெரிதாக ஒரு சிவப்புப் பொட்டு, உன் அம்மா வாசலில் கூப்பிடுகிறாள், "யோவ், இன்னாய்யா எழுதிகினு கீற, செல்லன் கத்திய எடுத்துகினு மேலத்தெருவுக்குப் போய்க்கினு கீறான், அந்தாண்ட மாயவன் ஆளுங்க கொம்போட வரானுங்க, எழுந்து வாய்யா" என்று, இரு தைலா, வந்துவிடுகிறேன், அந்தச் சிவப்புப் பொட்டை மட்டும் மறந்துவிடாதே, எதை அமுக்கினால் இது நிற்கும் என்று எனக்கு