நான்த் நகரம் எழுந்து நின்றது

நான்த்,
மார்ச் 17, 2019

அன்புத் தம்பி ழில்தாவுக்கு,

அக்கா ஓதெத் எழுதுகிறேன். நான் நலம். கடல் தாண்டி நூமேயாவில் உன் மூட்டுவலி தேவலையா? இங்கே இன்னும் குளிர் விடவில்லை. ஆனால் நேற்றிலிருந்து எனக்கு அது உறைக்கவே இல்லை.

நேற்று அம்மாவின் சிம்பொனியை வாசித்தார்கள். 1961இல் முதல்முறை வாசித்தபோது சிரித்தார்களே, அதே அரங்கில்.

லுதிவின் என்று ஒரு பெண், இங்கே இசைக்குழுவை நடத்துகிறாள். போன வருடம் வீட்டுக்கு வந்து இசைத்தாள்களைக் கேட்டாள். தரமாட்டேன் என்றேன். இந்த ஊர் அம்மாவைப் பார்த்து இன்னொரு தரம் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது என்றேன். அவள் அசரவில்லை. "சிரிச்சா என்னைப் பாத்துச் சிரிக்கட்டும் மேடம், வாசிக்க வைக்கிறது நான்தானே" என்றாள். கொடுத்துவிட்டேன்.

ஒத்திகையில் கொம்பு ஊதும் பஸ்தியான், "இதை ஊத இன்னொரு நுரையீரல் வேணும்" என்று முணுமுணுத்தார். கடைசி ஒத்திகை முடிந்ததும் அவரே என்னிடம் வந்து, "இந்த அம்மாவை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று சண்டை பிடித்தார். நாங்கள் ஒளிக்கவில்லை, நீங்கள்தான் கேட்கவில்லை என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டாம் பகுதியில் பெரிய வயலின்கள் மட்டும் தனியாக உறுமும் இடம் வந்தது. அன்றைக்கு யாரோ, "சமையல்கட்டுல பாத்திரம் உருளுது" என்று கத்திய இடம். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு இருமல்கூட இல்லை, தம்பி. பக்கத்தில் இருந்தவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் அரங்கமே எழுந்துவிட்டது. எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டினார்கள். லுதிவின் இசைத்தாள்களைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். "எர்மின் கலூ" என்று மாடியிலிருந்து அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைசிப் பகுதியை மறுபடி வாசிக்க வைத்துத்தான் விட்டார்கள். பிறகு லுதிவின் என்னைக் கைகாட்டினாள். அம்மாவுக்கு வரவேண்டிய வணக்கம் அது. எழுந்து, அம்மாவுக்காகக் குனிந்தேன். அழவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

அச்சிட்ட நிகழ்ச்சித் தாளில் அம்மாவின் பிள்ளைகள் என்று நம் இருவர் பெயரும் இருக்கிறது. நான்தான் சொல்லிப் போடவைத்தேன்.

அவர்கள் சிரித்த அன்று வீடு திரும்பியதும், "உன்னால எனக்கு மானம் போச்சு" என்று நீ சொன்னதை அம்மா ஒருநாளும் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. பதினாறு வயசுப் பையன், பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட வேண்டாமா என்றுதான் உனக்காகப் பேசினாள்.

ஜூனில் லியோன் நகரத்தில் வாசிக்கிறார்கள். என் பக்கத்து இருக்கை உனக்கு. நல்லபடியாக வந்து சேர்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
ஓதெத்