தலையில் எடுத்த தோல்

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசினால் அழுதுவிடுவேன். வார்டே வேடிக்கை பார்க்கும்.

சலவை ஆலையில் கொதிதொட்டி மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து என் வலது முன்கை வெந்தது உனக்குத் தெரியும். இப்போது டாக்டர், "மொட்டை அடிச்சு, தலையில இருந்து தோல் எடுத்துக் கையில வைக்கணும்மா" என்கிறார். அம்மா ஒரே அழுகை. "முடியும் போச்சுன்னா உன்னை எவன்டி திரும்பிப் பாப்பான்?"

முதலாளி ஆப்பிளோடு வந்தார். "பாத்து வேலை செஞ்சிருக்கலாமேம்மா" என்றார். முழங்கை வரை கையுறை கேட்டோமே, அப்போது அவருக்குக் காது அடைத்திருந்தது.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ தோல் மருத்துவ ஆய்வுக்கூடத்தில்தானே இருக்கிறாய்? சும்மா விட்டால் ஆறாதா?

அக்கா

மார்ச் 9

என் அக்காவுக்கு,

ஆறாது. மேல்தோலின் அடியடுக்கில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் மேலே உதிர உதிரப் புதுத் தோல் செய்கின்றன. முடிவேரின் பக்கத்திலும் அவை உண்டு. காயம் பட்டால் அங்கிருந்து மேலேறி வந்து மூடும். உன் கை வேரோடு வெந்துவிட்டது. வேலை தொடங்க அங்கே ஆளே இல்லை. அப்படியே விட்டால் தழும்பு இழுத்து மணிக்கட்டு மடங்காது.

தலையில் முடிவேர் நெருக்கம். மேலாகக் காகிதம் போலச் சீவுவார்கள், வேர் கீழேயே தங்கிவிடும். தோலும் மூடும், முடியும் வளரும். என் தோலைத் தந்தால் உன் உடம்பு தள்ளிவிடும். இல்லையென்றால் என்னுடையதையே தந்திருப்பேன், உன்னிடம் கெஞ்சிக்கொண்டிருப்பேனா?

அம்மாவிடம் சொல்: எவனோ திரும்பிப் பார்ப்பது இருக்கட்டும், முதலில் சோறு அள்ளக் கை வேண்டும்.

மொட்டை அடி. அந்த ஆப்பிளைத் தின்னாதே.

உன் வாயாடி

ஜூலை 20

வாயாடிக்கு,

வலது கையால் எழுதுகிறேன். மணிக்கட்டு மடங்குகிறது. தலையில் சீவிய இடத்தை அம்மா தேடித் தேடித் தோற்றுவிட்டாள்.

ஒரு கூத்து கேள். ஓர் ஓரத்தில் கொஞ்சம் ஆழமாகச் சீவி, வேரும் கூட வந்துவிட்டது போல. முன்கையில் ஒரு கொத்துத் தலைமுடி வளர்கிறது! "எண்ணெய் தேச்சுப் பின்னிக்கோ" என்று நர்ஸ் சிரிக்கிறாள். எடுத்துவிடலாமாம். இப்போது வேண்டாம் என்றேன்.

நேற்று ஆலைக்குப் போனேன். முதலாளி எல்லோர் முன்னாலும், "பாத்தீங்களா, எல்லாம் சரியாயிடுச்சு" என்றார். கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது என் தலைமுடி சார். நீங்க கையுறை குடுத்திருந்தா தலையிலயே இருந்திருக்கும்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. தொட்டிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். மடியில் வைத்து இதை எழுதுகிறேன்.

கையுறை வரும்வரை இந்த முடியை வெட்டப்போவதில்லை. நன்றாக வளர்கிறது.

அக்கா